நாவலில் யார் யார் என்று மாணவர்கள் குழம்புகிறார்கள்: பாத்திரங்களைப் பின்தொடர எப்படிப் பழக்குவது?

கேள்வி: பாலக்கோடு தமிழாசிரியை

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பாடத்துக்கு வெளியே வாரம் இரண்டு பீரியட் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வாசிக்கிறோம். பிள்ளைகள் 34 பேர், நூலகத்தில் இருப்பது 6 பிரதி. கதை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பத்து அத்தியாயம் தாண்டியதும் ஆட்கள் கலந்துபோகிறார்கள். பெரிய பழுவேட்டரையர் செய்ததைச் சின்னவர் தலையில் கட்டுகிறார்கள். நந்தினி வேறு, பழுவூர் இளைய ராணி வேறு என்று எழுதுகிறார்கள். 'இளைய பிராட்டி' என்று வந்தால், "இது யார் டீச்சர், புதுசா?" என்று கேட்கிறார்கள். கால்வாசிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். உறவுமுறைச் சொற்கள் அவர்களை இன்னும் குழப்புகின்றன.

என் சந்தேகங்கள் இவை. இணையத்தில் கிடைக்கும் குடும்ப வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா? நோட்டில் எழுதவைப்பதா, சுவரில் சார்ட் ஒட்டுவதா? பாத்திரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் 'நல்லவர், வீரர், அழகானவர்' என்று மூன்று சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். அதை எப்படி மாற்றுவது? வாசிப்பின் சுவை கெடாமல் எப்படிச் சோதிப்பது?

பதில்: தகடூர் வாசிப்பு வட்டம்

வணக்கம் டீச்சர். முதலில் அந்த ஜெராக்ஸ். கொடுக்க வேண்டாம். இணையத்தில் சுற்றும் வரைபடங்களில் நந்தினியின் பிறப்பு, ஊமை ராணிக்கும் அரச குடும்பத்துக்கும் உள்ள தொடர்பு என எல்லாமே போட்டிருக்கும். ஐந்து பாகங்களில் ஆசிரியர் மெல்ல அவிழ்க்கும் முடிச்சுகள் அவை. படத்தைப் பார்த்தவருக்குக் கதையில் தேட எதுவும் மிஞ்சாது. கதையில் வரும் எல்லாருக்கும் தெரிந்த அரச வம்சத்தை மட்டும் கரும்பலகையில் போடலாம்: முதலாம் பராந்தகர், அவர் மக்களான ராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர், அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர், அவருடைய மக்கள் மூவர், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் மகனான மதுராந்தகர். அடுத்த பட்டம் யாருக்கு என்ற சண்டை புரிய இவ்வளவு போதும்.

பிள்ளைகள் குழம்புவது நினைவாற்றல் குறைவினால் இல்லை. ஒரே ஆள் நாலு பெயரில் வருகிறார், அவ்வளவுதான். ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தை 'அழைப்புப் பெயர்' பக்கமாக ஒதுக்குங்கள். இடது ஓரத்தில் பெயர். அதற்கு நேரே, யார் யார் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்பது, அத்தியாய எண்ணோடு. நந்தினிக்கு நேரே 'பழுவூர் இளைய ராணி'. குந்தவைக்கு நேரே 'இளைய பிராட்டி'. செம்பியன் மாதேவிக்கு நேரே 'பெரிய பிராட்டி'. வந்தியத்தேவனுக்கு 'வல்லவரையன்', 'வாணர் குலத்து வீரன்'. ஆழ்வார்க்கடியானுக்குத் 'திருமலை'. அருள்மொழிவர்மருக்குப் 'பொன்னியின் செல்வர்'. 'இளைய' என்ற சொல் இரண்டு பெண்களுக்கும் பொதுவாக வருவதுதான் உங்கள் வகுப்பில் சிக்கல். அந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து எழுதவையுங்கள், பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் தெளியும். இரண்டு பழுவேட்டரையர்களுக்குப் பெயரோடு பொறுப்பையும் சேர்த்து எழுத வேண்டும்: பெரியவர் தனாதிகாரி, கஜானா அவர் கையில், சின்னவர் தஞ்சைக் கோட்டைக் காவலின் தலைவர். பணம் என்றால் பெரியவர், கோட்டைக் கதவு என்றால் சின்னவர் என்று பழகிவிட்டால் இருவரும் பிறகு கலப்பதில்லை.

அடுத்து ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் நான்கு கட்டம்: அத்தியாயம், என்ன செய்தார், யாரோடு, நமக்கு எப்படித் தெரியும். நான்காவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். இந்த நாவலுக்கு அதுதான் உயிர். அதில் மூன்று எழுத்தில் ஒன்றைப் போட்டால் போதும்: நேரில் கண்டால் 'நே', பிறர் சொல்லக் கேட்டால் 'பி', அவரே தன்னைப் பற்றிச் சொன்னால் 'தா'. முதல் பாகம் முழுக்க அருள்மொழிவர்மரைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள், நினைக்கிறார்கள். வந்தியத்தேவன் அவரை நேரில் பார்ப்பது இரண்டாம் பாகத்தில், ஈழத்தில். அவர் பக்கத்தில் 'பி', 'பி' என்று வரிசையாக விழுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கண்ணில் படாத ஒருவர் மேல் நமக்கு இவ்வளவு பிரியம் எப்படி வந்தது என்ற கேள்வியும் அவர்களிடமிருந்தே வரும்.

பெயர் தெரியாத ஆளுக்கும் பக்கம் திறக்க வேண்டும். எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பே 'பல்லக்கில் யார்?' என்பதுதான். அதற்கு முன்பே பழுவூர்ப் பல்லக்கு வந்துவிடுகிறது. அப்போது 'நந்தினி' என்று எழுதக் கூடாது, 'பல்லக்கில் இருப்பவர்' என்று எழுத வேண்டும். கடம்பூர் மாளிகையில் மதுராந்தகர் வெளியே வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து மதுராந்தகர் பக்கத்துக்கு அம்புக்குறி, கூடவே அத்தியாய எண். பின்னால் தஞ்சைப் பக்கம் அதே பழுவூர்ப் பல்லக்கில் நந்தினி வரும்போது இன்னொரு அம்பு. ஊகத்தை பென்சிலிலும் உறுதியானதைப் பேனாவிலும் எழுதட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: தவறான ஊகத்தை ரப்பரால் அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, எந்த அத்தியாயத்தில் மாறியது என்று பக்கத்தில் குறித்தால் போதும். கடைசிப் பாகத்தில் ஒருவருடைய பிறப்பே வேறாகத் தெரியவரும். முந்தைய குறிப்பை அழித்தவர்களுக்கு அங்கே அதிர்ச்சியே இருக்காது.

'நல்லவர், வீரர்' பிரச்சினைக்கு வழி, முதல் பத்து அத்தியாயம் வரை பண்புச் சொல்லுக்குத் தடை போடுவது. வினைச்சொல் மட்டும் அனுமதி. 'துணிச்சலானவன்' என்று எழுதக் கூடாது. 'அழைப்பில்லாமல் கடம்பூர் மாளிகைக்குள் நுழைந்தான்' என்று எழுதலாம். பத்து அத்தியாயம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பண்புச் சொல், அதற்குச் சான்றாக இரண்டு வரி, ஒத்துவராத ஒரு வரி. அந்த ஒத்துவராத வரியைத் தேடும்போதுதான் பாத்திரம் உயிர் பெறுகிறது. பெரிய பழுவேட்டரையர் இருபத்து நான்கு போர்களில் அறுபத்து நான்கு விழுப்புண் பட்டவர். அவரே நந்தினி பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் நிற்கிறார். ஒரே பண்புச் சொல்லில் அவரை அடக்க முடியாது என்பதைப் பிள்ளைகள் எழுதிப் பார்த்தே உணர வேண்டும்.

வாசிக்கும்போதே எழுதச் சொல்ல வேண்டாம். ஓட்டம் அறுந்துவிடும். அத்தியாயம் முடிந்தபின் நான்கு நிமிடம், ஆளுக்கு மூன்று வரி. ஒருவர் ஐந்து பாத்திரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எல்லாரையும் எல்லாரும் எழுதத் தொடங்கினால் நோட்டுதான் நிறையும்.

பதில்: அரூர் நூலகப் பணியாளர்

34 பேருக்கு 6 பிரதி என்பது குறை இல்லை, வசதிதான். ஆறு குழு: நான்கு குழுவில் ஆறு பேர், இரண்டில் ஐந்து பேர். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும், அத்தியாயத்துக்கு ஒருவராக மாறட்டும். வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி மூவரும் எல்லாக் குழுவுக்கும் பொது. மீதிப் பாத்திரங்களைக் குழுவுக்கு இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

குறிப்பில் பக்க எண் வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், அத்தியாய எண் மாறாது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, 'மதுரைத் திட்டம்' என்ற இணைய நூல் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேவையான அத்தியாயத்தை அச்சிட்டுக் கொடுக்கத் தடையே இல்லை.

கணக்கையும் பாருங்கள். முதல் பாகத்தில் 57 அத்தியாயம். வாரம் இரண்டு என்றால் இருபத்தொன்பது வாரம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு நடுவே அது நடக்காது. வகுப்பில் இரண்டு, குழு முறைவைத்து வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிப்பது ஒன்று என்று வைத்தால் பத்தொன்பது வாரத்தில் முடியும். வீட்டு அத்தியாயத்தை வாசித்த குழு மற்றவர்களுக்குக் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். இடைவெளி நீண்டால் எவ்வளவு நல்ல குறிப்பு இருந்தாலும் ஆட்கள் மறந்துபோவார்கள். பாதிக் குழப்பத்துக்குக் காரணம் வாரத்துக்கும் வாரத்துக்கும் நடுவே விழும் அந்த இடைவெளிதான்.

சுவருக்கு ஒரே பெரிய சார்ட் வேண்டாம். ஸ்கெட்சால் எழுதினால் பதினைந்தாம் அத்தியாயத்தில் இடம் தீர்ந்துவிடும், திருத்தவும் முடியாது. தெர்மாகோல் பலகை, குண்டூசி, அட்டை, நூல் போதும். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் அட்டைக்குச் சரியான கனம். பலகையில் ஒரே நேரத்தில் 12 அட்டைதான் இருக்க வேண்டும். புதியவர் வந்தால் ஒருவர் இறங்க வேண்டும். யாரை இறக்குவது என்று வகுப்பு விவாதிக்கட்டும். இறங்கிய அட்டையை ஓரத்தில் ஓர் உறையில் போட்டுவையுங்கள், திரும்பி வரும் ஆட்கள் உண்டு. 'நடுநிசிக் கூட்டம்' அத்தியாயத்தில் சிற்றரசர்கள் வரிசையாக வருவார்கள். அத்தனை பேருக்கும் அட்டை போட்டால் பலகை தாங்காது. 'கடம்பூரில் கூடியவர்கள்' என்று ஒரே அட்டை, அவர்களில் தனித்துச் செயல்படுகிறவருக்கு மட்டும் பிறகு தனி அட்டை.

நூலுக்கு இரண்டு நிறம் போதும்: உறவுக்குச் சிவப்பு, இரகசியம் பகிர்ந்தவர்களுக்குக் கறுப்பு. பகை, நட்பு, காதல் என்று நிறம் கூடினால் பலகை அழகாக இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள்.

பதில்: கிருஷ்ணகிரி கல்லூரித் தமிழ்

மேலே உள்ள முறைகளோடு எனக்கு உடன்பாடு. ஆனால் முதல் நாவலாகவே 'பொன்னியின் செல்வன்' எடுத்ததில் மாற்றுக் கருத்து உண்டு. பின்தொடரும் பழக்கத்தைச் சிறிய நாவலில் ஏற்படுத்திவிட்டுப் பெரியதற்குப் போவது நல்லது. சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' இதற்குப் பொருத்தம். ஒரே ஊர், ஒரே பிற்பகல். பிச்சி, மருதன், கிழவர், முருகு, ஜமீன்தார் என்று ஐந்தே பேர். அடுத்தது காரி. காளைக்கும் பக்கம் திறக்கச் சொல்லுங்கள். 'என்ன செய்தது' கட்டத்தில் காரிக்கு எழுதும் வரிகள் மனிதர்களுக்கு எழுதுவதை விடத் துல்லியமாக இருக்கும், ஏனென்றால் காளைக்கு 'நல்லவர், வீரர்' என்று யாரும் எழுதமாட்டார்கள்.

இன்னொரு பக்கம் அம்புலிக்கு. கதை தொடங்கும் முன்பே இறந்தவர், பிச்சியின் தகப்பன். அவர் ஒரு அடி கூட எடுத்து வைப்பதில்லை. ஆனால் பிச்சி வாடிவாசலில் நிற்பதே அவரால்தான். அவர் பக்கம் முழுக்க 'பி' என்றே விழும். பிச்சி யார் மகன் என்பதும் பேச்சின் ஊடேதான் கிழவருக்குப் புலப்படுகிறது. வாசகருக்கு எப்போது தெரிந்தது, கிழவருக்கு எப்போது தெரிந்தது என்று இரண்டு இடத்தையும் குறிக்கச் சொன்னால், யாருக்கு என்ன தெரியும் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேயே வந்துவிடும். பிறகு பழுவூர்ச் சதிக்குப் போகும்போது கை தயாராக இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. உரையாடல் மதுரைப் பக்கத்துப் பேச்சு. நம் பிள்ளைகளுக்கு முதல் சில பக்கம் தடுக்கும், அதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அடுத்தது, நம் பக்கத்தில் நடப்பது எருது விடும் விழா. ஓடும் காளையின் கொம்பில் கட்டிய பரிசைப் பறிப்பார்கள். நாவலில் வருவது திமிலை அணைந்து நிற்கும் ஜல்லிக்கட்டு. அந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் பிச்சி என்ன செய்கிறான் என்றே தப்பாக எழுதுவார்கள்.

வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இருப்பதால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) நூலையும் வரிசையில் வையுங்கள். அதில் தனி நாயகன் கிடையாது, ஊர்தான் பாத்திரம். ஆளுக்கு ஒரு பக்கம் என்ற முறை அங்கே எடுபடாது; வீட்டுக்கு ஒரு பக்கம் என்று மாற்ற வேண்டும். மங்கத்தாயார் அம்மாள் சொல்லும் பழைய இடப்பெயர்வுக் கதையில் வருகிறவர்களை ஒரு மையிலும், ஊரில் இப்போது வாழ்கிறவர்களை வேறு மையிலும் எழுதவைத்தால் இரண்டு காலமும் கலக்காது.

கல்லூரிக்கு வரும் மாணவர்களிடம் 'பாத்திரப் படைப்பை விளக்குக' என்று கேட்டால் பெரும்பாலும் பண்புப் பட்டியலே வருகிறது. பள்ளியிலேயே அந்தப் பண்புச் சொல் தடையைப் போடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பாலக்கோடு தமிழாசிரியை

எல்லாருக்கும் நன்றி. 'நே, பி, தா' உடனே பயன்படும். இரண்டு கேள்வி மீதி இருக்கிறது. வசனத்தில் யார் பேசுகிறார் என்பதே பலருக்குத் தெரிவதில்லை; கல்கி பல இடத்தில் 'என்றான்' கூடப் போடாமல் வரிசையாகப் பேசவிடுகிறார். அடுத்தது உறவுமுறை.

பதில்: ஓசூர் ஆசிரியர்

உறவுக்கு ஒரே விதி போதும் மேடம். 'அத்தை', 'சித்தப்பா' என்று தனியாக எழுதவே கூடாது. 'இன்னாருக்கு அத்தை' என்று யாருக்கு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தெலுங்கு வீட்டில் 'வதின' என்ற ஒரே சொல் அண்ணன் மனைவிக்கும் வயதில் மூத்த முறைப்பெண்ணுக்கும் செல்லும். அந்தப் பிள்ளை தமிழில் 'அண்ணி' என்று எழுதும்போது மனதில் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. 'குந்தவைக்குத் தம்பி அருள்மொழிவர்மர்' என்று முழு வாக்கியமாக எழுதிவிட்டால் எந்த வீட்டு மொழியிலும் பிழை வராது. நூல் கட்டும்போதும் யார் அழைக்கிறாரோ அவர் அட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். முறைச்சொல்லை வீட்டு மொழியில் அட்டையின் மூலையில் குறித்துக்கொள்ள அனுமதியுங்கள்.

பதில்: தகடூர் வாசிப்பு வட்டம்

வசனத்துக்குத் தமிழிலேயே ஒரு துணை இருக்கிறது: வினைமுற்றின் விகுதி. கல்கி வந்தியத்தேவனுக்கு 'என்றான்', பழுவேட்டரையருக்கு 'என்றார்', நந்தினிக்கு 'என்றாள்' போடுவார். எழுவாய் இல்லாத வரியிலும் விகுதி இருக்கும். அந்த எழுத்தின் கீழே கோடு போடச் சொல்லுங்கள். வந்தியத்தேவனும் கந்தமாறனும் பேசினால் இருவரும் 'ஆன்' தான், அங்கே விகுதி உதவாது. அப்போது விளிச்சொல்லைப் பார்க்க வேண்டும்: 'ஐயா', 'தம்பி', 'தேவி', 'அண்ணா' என்று யார் யாரை அழைக்கிறார் என்று. ஒரே ஆளிடம் மரியாதை மாறும் இடம் இன்னும் முக்கியம். 'நீர்' என்று பேசியவர் 'நீ' என்று இறங்கினால் உறவில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த அத்தியாய எண்ணைக் குறித்தே ஆக வேண்டும்.

'என்றான்' கூட இல்லாத நீண்ட உரையாடலை ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு நிற கிரேயானால் மாறி மாறிக் கோடு போடச் செய்யுங்கள். நடுவில் மூன்றாமவர் நுழைந்தால் நிறம் தப்பும்; தப்பிய இடத்துக்கு இரண்டு வரி மேலே தேடினால் அவர் நுழைந்த வாக்கியம் கிடைக்கும்.

சோதிப்பதற்குத் தனித் தேர்வு வேண்டாம். பீரியட் தொடங்கியதும் முன்பு வாசித்ததிலிருந்து ஐந்து வரி உரையாடலைப் பெயர் சொல்லாமல் வாசியுங்கள். யார் பேசியது, எதை வைத்துச் சொல்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். 'எதை வைத்து' என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் சரியான பெயருக்கும் மதிப்பெண் இல்லை. நோட்டைத் திருத்தும்போது எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம். அத்தியாய எண் இருக்கிறதா, நான்காவது கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விடுப்பு எடுத்த பிள்ளை திரும்பி வந்தால் கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள். குழுவின் அட்டைகளைக் கையில் கொடுத்து, விட்டுப்போன அத்தியாயங்களில் என்ன நடந்திருக்கும் என்று அவரையே சொல்லவிடுங்கள். அவர் சொல்ல முடியாமல் திணறும் இடத்தில் அட்டையில் எந்தக் குறிப்பு இல்லை என்று குழு கண்டுபிடித்து அன்றே சேர்க்கட்டும்.